ஒரு விபத்து, மூன்று கட்டு: மாவட்ட நீதிமன்றத்தில் வழி தெரிந்து நடக்க

கையில் ஒரு நோட்டீஸை வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் தடுமாறுபவர்கள் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ஆக்சிடென்ட் கேஸ் எங்க சார் நடக்குது?" தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடம் வழக்குக் கட்டு சுமந்தும், இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வந்ததில்லை.

பைக் மோதி ஒருவருக்குக் கால் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியவர் மேல் போலீஸ் போடும் குற்ற வழக்கு நடுவர் நீதிமன்றத்துக்கு, அதாவது மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை என்பதற்கு அபராதம் தனி. கால் உடைந்தவர் கேட்கும் இழப்பீடு தீர்ப்பாயத்தில் நடக்கும், அதன் போக்கு முழுக்க சிவில் வழக்கு மாதிரி. மூன்றுக்கும் மூன்று எண், மூன்று வாய்தா, மூன்று கெடு. ஒன்றில் ஆஜரானால் மற்றதிலும் ஆஜரான கணக்கு ஆகாது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் எண், கதவு, தயாரிப்பு என்று பொதுவானதைப் பார்த்துவிட்டு, அபராதம், குற்ற வழக்கு, இழப்பீடு, சிவில் என்று தனித்தனியாகப் போகலாம்.

1. முதலில் எண்ணைப் படியுங்கள்

எப்.ஐ.ஆரில் இருக்கும் 'குற்ற எண்' காவல் நிலையத்தின் எண். அதைச் சொல்லிக் கோர்ட்டில் கேட்டால் யாருக்கும் தெரியாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, கோர்ட் கோப்பில் எடுத்த பிறகுதான் வழக்கு எண் கிடைக்கும்.

எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளே உங்களுக்கு வழிகாட்டி. சி.சி. என்றால் நடுவர் நீதிமன்றத்தில் விசாரணை நடக்கும் குற்ற வழக்கு. எஸ்.டி.சி. என்றால் சுருக்கமுறை விசாரணை. குடித்துவிட்டு ஓட்டியது போன்றவை இதில் வரும். பி.ஆர்.சி. என்றால் கொலை போன்ற பெரிய வழக்கு, நடுவரிடமிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே போனதும் எஸ்.சி. எண் விழும். ஓ.எஸ். சிவில் அசல் வழக்கு. அதற்குள்ளே போடும் இடைமனு ஐ.ஏ. விபத்து இழப்பீடு எம்.சி.ஓ.பி. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்பது ஈ.பி.

இதோடு 'டிஎன்' என்று தொடங்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறினாலும் இதை வைத்துப் பிடித்துவிடலாம்.

2. எந்தக் கதவு?

ஒரே வளாகத்தில் பத்துப் பன்னிரண்டு கோர்ட் இருக்கும். சிவில் பக்கம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அதாவது முன்சீப் கோர்ட். அதற்கு மேல் சார்பு நீதிமன்றம், சப் கோர்ட். அதற்கும் மேல் மாவட்ட நீதிமன்றம். வழக்கின் மதிப்பைப் பொறுத்து எங்கே தாக்கல் செய்வது என்பது முடிவாகும்.

குற்றப் பக்கம் நீதித்துறை நடுவர், தலைமைக் குற்றவியல் நடுவர், அமர்வு நீதிமன்றம். முதல் வகுப்பு நடுவர் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தலைமைக் குற்றவியல் நடுவர் 7 ஆண்டு வரை போகலாம். மாவட்ட நீதிபதியேதான் அமர்வு நீதிபதி. ஒரே நாற்காலியில் காலையில் கொலை வழக்கும் பிற்பகலில் சொத்து மேல்முறையீடும் நடப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, நடுவர் நீதிமன்றங்களுக்கு இல்லை. "கோர்ட் லீவுதானே" என்று மே மாத வாய்தாவுக்கு வராமல் வாரண்ட் வாங்கியவர்கள் வருடா வருடம் உண்டு.

3. வருவதற்கு முன்

ஆதார், வழக்கு எண் எழுதிய துண்டுச் சீட்டு, அசல் ஆவணங்கள், எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். வக்கீல் வைத்தால் வக்காலத்தில் கையெழுத்து. வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த வழக்குக்கு என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு போடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் அதே வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம்.

வாய்தா அன்று பத்தேகாலுக்கே கோர்ட் ஹாலில் இருங்கள். டவாலி (கோர்ட் சேவகர்) பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் வெளியே மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தால், வரவில்லை என்றுதான் பதிவாகும். போனை அணைத்து வையுங்கள். பென்ச் கிளார்க்கிடம் அடுத்த தேதியை நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு அல்ல.

4. போக்குவரத்து அபராதம்

இதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி உயர்ந்த அபராதங்கள் 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. இவற்றை அந்த இடத்திலேயோ பரிவாகன் இ-சலான் தளத்திலோ கட்டி முடித்துவிடலாம். குற்றத்தை மறுத்தால்தான், அல்லது கட்டாமலே விட்டால்தான் கோர்ட் வரை வரும்.

கட்டுவதற்கு முன் சலானில் இருக்கும் வண்டி எண்ணையும் படத்தையும் பாருங்கள். வேறு வண்டியின் எண்ணைத் தவறாகப் படித்து வந்த சலான்களை நானே பார்த்திருக்கிறேன். மெசேஜில் வரும் லிங்கை மட்டும் தொடாதீர்கள். சலான் என்ற பெயரில் செயலியை இறக்கவைத்து வங்கிக் கணக்கைத் துடைக்கும் கும்பல் இருக்கிறது. தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

குடித்துவிட்டு ஓட்டியது தனி ரகம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வழக்கு. முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைச் சாலையில் கட்டிச் சமாதானமாக முடிக்கச் சட்டத்தில் இடமில்லை, நடுவரிடம்தான் போக வேண்டும். கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வண்டியை எடுக்கவும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் லைசென்ஸ் பேச்சு வரும்போதும் அதைத்தான் கேட்பார்கள்.

18 வயது ஆகாத பையன் ஓட்டினான் என்றால் வழக்கு பெற்றோர் மேலும் வண்டி உரிமையாளர் மேலும் வரும்: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை.

5. குற்ற வழக்கு: புகாரிலிருந்து குற்றப்பத்திரிகை வரை

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவு, பின் நடந்ததற்குப் புதிய பிரிவு. அலட்சியமாக ஓட்டியதற்கு முன்பு 279, இப்போது 281. அலட்சியத்தால் மரணம் முன்பு 304-ஏ, இப்போது 106(1). தண்டனையும் 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு வரை என்று ஏறிவிட்டது.

புகார் கொடுப்பவர் என்றால்: எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், சம்பவ இடம் எங்கள் எல்லையில் வராது என்று திருப்பி அனுப்பக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் அது எப்.ஐ.ஆர். அல்ல, மனு வாங்கினோம் என்பதற்கான சீட்டு மட்டுமே. எப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் அபிடவிட்டோடு (உறுதிமொழிப் பத்திரம்) நடுவரிடம் மனு. இந்த வரிசையைத் தாண்டி நேரே நடுவரிடம் போனால், "எஸ்.பி.க்குக் கொடுத்தீர்களா?" என்ற முதல் கேள்வியிலேயே மனு நிற்கும்.

குற்றம் சாட்டப்பட்டவர் என்றால்: கைதான 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. விடக்கூடியது என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, காவல் நிலையத்திலேயே கிடைக்கும். இல்லை என்றால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய குற்றங்களுக்கு 90 நாளில் வராவிட்டால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டு உரிமையாகப் பெறலாம். அதைக் கேட்க வேண்டும், தானாக யாரும் தர மாட்டார்கள். 61-ஆம் நாள் காலையில் மனு தயாராக இல்லாமல், அன்று மாலையே குற்றப்பத்திரிகை தாக்கலாகி வாய்ப்புப் போன கதைகள் உண்டு.

ஜாமீன் உத்தரவு வந்ததும் முடிந்தது என்று வீட்டில் கொண்டாட ஆரம்பித்துவிடுவார்கள். உத்தரவுக்கும் வெளியே வருவதற்கும் நடுவில் ஜாமீன்தாரர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் இருவர் கேட்பார்கள். வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் வேண்டும். ரசீது தாத்தா பெயரில் இருந்தால் அன்றைய பொழுது போச்சு. மனுப் போடும் அன்றே ஜாமீன்தாரர்களின் காகிதங்களையும் பாருங்கள்.

விபத்தில் சிக்கிய வண்டியை விடுவிக்க நடுவரிடம் தனி மனு. அதற்கு முன் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தந்திருக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

6. குற்ற வழக்கு: சம்மனிலிருந்து தீர்ப்பு வரை

சம்மன் வந்த முதல் நாள் பெரும்பாலும் நகல் வழங்குவதோடு முடியும். குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் இலவசமாகத் தருவார்கள். பக்கங்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குறுக்கு விசாரணை முழுக்க இந்தக் காகிதங்களை வைத்துத்தான். ஒரு பக்கம் குறைந்தாலும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது குற்றச்சாட்டு வனைதல். நீதிபதி படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். இங்கேதான் நான் அதிகம் பார்த்த தவறு. "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடு, அலைய வேண்டாம்" என்று வராந்தாவில் யாரோ சொல்வார்கள். விபத்து வழக்கில் அப்படி ஒப்புக்கொண்டால், இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு நீட்டும் முதல் ஆவணம் அந்தத் தீர்ப்பாகவே இருக்கும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் பையனுக்கு 'தண்டனை உண்டா' என்ற கட்டம் இருக்கிறது. உங்கள் வக்கீலோடு பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மறுத்தால் சாட்சி விசாரணை. அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, பெரும்பாலும் புகார் கொடுத்தவர்தான். அவருக்காகப் பேசுவது அரசு உதவி வழக்கறிஞர். தனியாக வக்கீல் வைத்தாலும் அவர் துணைக்குத்தான். சாட்சி சொல்ல வருபவர் தேதி, இடம், வண்டி எண்ணைப் புகாரில் எப்படிச் சொன்னாரோ அதை ஒரு முறை நினைவுபடுத்திக்கொண்டு வரட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் வழக்கு கெடாது. கேட்டதற்கு மேல் பேசினால்தான் கெடும்.

சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒவ்வொரு சாட்சியத்தையும் சொல்லி விளக்கம் கேட்பார். எல்லாவற்றுக்கும் "பொய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சொல்ல உங்களிடம் விளக்கம் இருந்தால் அதற்கான இடம் இதுதான். பிறகு குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சி, வாதம், தீர்ப்பு.

ஒரு நாள் வர முடியாது என்றால் வக்கீல் மூலம் ஆஜராக விலக்குக் கேட்கும் மனு உண்டு; எங்கள் பேச்சில் இன்னும் அது '317 பெட்டிஷன்'. அதுவும் போடாமல் வராவிட்டால் வாரண்ட். வாரண்ட் வந்துவிட்டால் ஒளியாமல் வக்கீலோடு நீங்களாகவே ஆஜராகி ரத்து கேளுங்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்த பிறகு கேட்டால் நீதிபதியின் முகம் வேறு மாதிரி இருக்கும்.

7. விபத்து இழப்பீடு

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் சொல்கிறது. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பதுதான் இங்கே பெரிய தவறு. குற்ற வழக்குக்கு வருடங்கள் ஆகலாம், உங்கள் கெடு அதற்காக நிற்காது. விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், இதில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். வண்டி உரிமையாளரோடு இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பணம் அங்கிருந்துதான் வரும்.

எப்.ஐ.ஆர்., ஆய்வாளர் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்துக்கடை பில்லும் வேண்டும். தெர்மல் தாளில் அடித்த பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு பின் செய்யுங்கள்.

மரண வழக்கில் தொகை எப்படி வருகிறது என்று தெரிந்தால், எந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். 34 வயது, சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் நம்பியிருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. அந்த வயதுக்குப் பெருக்கு எண் 16. ஆக 15,750 × 12 × 16 = 30,24,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்கு போன்ற இனங்கள் தனி. இப்போது பாருங்கள்: வருமானத்துக்குச் சான்று இல்லாமல் நீதிபதி 10,000 என்று எடுத்துக்கொண்டால் சரியாக மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வங்கிப் பாஸ்புக், கடை உரிமம், ஜி.எஸ்.டி. கணக்கு எது இருந்தாலும் தேடி எடுங்கள்.

8. சிவில் வழக்கு

முதலில் கெடு. கொடுத்த கடனைக் கேட்க 3 ஆண்டு. புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதினால் கெடு நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரவில் பணம் கட்டியவரின் கையெழுத்து இருக்க வேண்டும், அதுவும் பழைய மூன்றாண்டு முடிவதற்குள் எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. கடன் கொடுத்தவரே "வரவு ரூ.500" என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுவந்த நோட்டுகள் எங்கள் அலமாரியில் தூங்குகின்றன.

அடுத்து இடம். நிலம் என்றால் நிலம் இருக்கும் ஊர்க் கோர்ட். பணம் என்றால் பிரதிவாதி இருக்கும் இடம் அல்லது கொடுக்கல் வாங்கல் நடந்த இடம். அரசை எதிர்த்து என்றால் 2 மாத அவகாசத்தோடு முன்னறிவிப்பு அனுப்பிய பிறகுதான், அவசரம் என்று கோர்ட் அனுமதித்தால் தவிர.

நீதிமன்றக் கட்டணம் பண வழக்குக்கு நூற்றுக்கு 3 ரூபாய். 2017-க்கு முன் ஏழரையாக இருந்தது. அசலும் வட்டியுமாக 2 லட்சம் கேட்டால் 6,000 ரூபாய்.

பிராது, அதாவது வழக்கு மனு, தாக்கல் செய்த அன்றே எண் விழாது. குறை இருந்தால் திருப்புவார்கள். சரிசெய்து மறுபடி வைக்க நாள் குறிப்பிட்டிருப்பார்கள். எண் விழுந்ததும் பிரதிவாதிக்குச் சம்மன் அனுப்பப் பேட்டா என்ற கட்டணம் கட்ட வேண்டும். சின்னத் தொகைதான். கட்ட மறந்தால் வழக்கே தள்ளுபடி. அதனால்தான் தாக்கல் செய்துவிட்டு ஊருக்குப் போகும் கட்சிக்காரரிடம் பேட்டாவையும் சேர்த்து வாங்கி வைத்துவிடுவேன்.

நீங்கள் பிரதிவாதியா? சம்மனை வாங்க மறுப்பதால் எதுவும் நிற்காது. கதவில் ஒட்டிவிட்டு அமீனா (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) போய்விடுவார், அடுத்தது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. உங்கள் எழுத்துப் பதிலான எதிர்வாதுரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை நீக்கக் கேட்கவும் 30 நாள்தான்.

அவசரத் தடை வேண்டும் என்றால் பிராதோடு ஐ.ஏ. போட வேண்டும். இடைக்காலத் தடை கிடைத்துவிட்டால் வழக்கு ஜெயித்ததாகக் கிராமத்தில் வெடி போடுவார்கள். அது கட்டில் ஒரு தாள், அவ்வளவுதான்.

இரு தரப்பும் எழுத்தில் சொன்னதும் நீதிபதி எழுவினாக்களை, அதாவது முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, வனைவார். எதை யார் நிரூபிக்க வேண்டும் என்பது இதில் இருப்பதால், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிரூபண வாக்குமூலம் (சாட்சியத்தை எழுத்தில் தருவது), ஆவணங்களைக் குறியீடு செய்தல், குறுக்கு விசாரணை. அசல் இல்லாமல் ஜெராக்ஸை நீட்டினால் எதிர் வக்கீல் எழுந்துவிடுவார். சொத்து வழக்கில் பட்டாவை மட்டும் நம்பி வருபவர்கள் ஏராளம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. உரிமையைக் காட்டக் கிரயப் பத்திரமும் தாய்ப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் வேண்டும்.

நடுவில் எப்போது வேண்டுமானாலும் சமரச மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ போகலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. களைத்துப்போய்க் கையெழுத்துப் போடாதீர்கள்.

9. தீர்ப்புக்குப் பிறகு

பணம் கேட்டு ஜெயித்தவர்கள், கோர்ட்டே வசூலித்துத் தரும் என்று நினைப்பார்கள். ஈ.பி. போட வேண்டும், அதற்கு 12 ஆண்டு அவகாசம். எதை ஜப்தி செய்வது என்று தேடிச் சொல்வது உங்கள் வேலை: அவர் பெயரில் நிலமா, சம்பளமா, எந்த வங்கி. வழக்கு நடக்கும்போதே இதை விசாரித்துக் குறித்து வையுங்கள். தீர்ப்பு வந்த பிறகு சொத்து மனைவி பெயருக்குப் போயிருக்கும்.

தோற்றவருக்கு: நடுவர் தண்டித்தால் அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள். முன்சீப், சப் கோர்ட் தீர்ப்புகளிலிருந்து மாவட்டத்துக்குள்ளேயே மேல்முறையீடு என்றால் 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சிவில் மேல்முறையீட்டுக்கும் இழப்பீட்டுத் தீர்ப்புக்கும் 90 நாள்.

சிவில் தீர்ப்பு என்றால் அன்றோ மறுநாளோ தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டு நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். நகல் தயாராகும் நாட்கள் கெடுவில் சேராது, ஆனால் நீங்கள் மனுப் போடாமல் கழித்த நாட்கள் சேரும். நகல் பிரிவில் ஸ்டாம்ப் கேட்டுப் பட்டியல் ஒட்டுவார்கள். அதைப் பார்க்காமல் தாமதித்த நாட்களும் உங்கள் தலையில்தான். ஒரு கட்சிக்காரர் 11 நாளை அப்படி விட்டார், அதற்காகத் தாமத மன்னிப்பு மனு ஒன்று தனியாக ஒன்றரை வருடம் நடந்தது. நகல் கைக்கு வந்ததும் திருப்பிப் பாருங்கள்: மனுப் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, ஸ்டாம்ப் கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். வக்கீலிடம் கொடுப்பதற்கு முன் காலண்டரை வைத்து நீங்களே எண்ணிவிடுங்கள்.